முதல் பக்கத்தைத் திருத்திய கை

சைக்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோ என்றதுமே, அடிமந்திரத்திலிருந்து உச்சிக்குத் தாவி இடியாய் விழும் தொடக்கக் கார்டுகள்தான் நினைவுக்கு வரும். பழைய பதிப்புகளைப் புரட்டினால் அந்த இடியைக் காணோம். வீணையை மீட்டுவதுபோல, சுரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அங்கே உதிர்கின்றன. மூன்றாம் பதிப்பில்தான் கார்டுகள் இறுகின; கடைசிப் பகுதியில் கொஞ்சம் வெட்டும் விழுந்தது.

யார் செய்த வேலை? முதல் சந்தேகம் அலெக்சாண்டர் சிலோட்டி மீது. 1863இல் பிறந்தவர், மாஸ்கோ கன்சர்வேட்டரியில் சைக்கோவ்ஸ்கியிடமே பாடம் கேட்டவர், பின் வைமாரில் லிஸ்டின் சீடர். ராக்மனினாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், பியானோ ஆசிரியரும்கூட. சைக்கோவ்ஸ்கியின் படைப்புகளை அச்சுக்குத் தயார்செய்வதில் கைகொடுத்தவர்.

சந்தேகத்துக்கு வலுவான ஆதாரம் வேறொரு படைப்பில் கிடைக்கிறது. இரண்டாம் கான்செர்ட்டோவைச் சுருக்கச் சிலோட்டி சொன்ன பெரிய யோசனைகளைச் சைக்கோவ்ஸ்கி 1888 கடிதங்களிலேயே மறுத்துவிட்டார். 1893இல் அவர் இறந்தார். 1897இல் யூர்கென்சன் பதிப்பகம் சிலோட்டியின் சுருக்கத்தை வெளியிட்டது. ஆசிரியரின் குறிப்புப்படி செய்தது என்று முகப்பில் அச்சிட்டிருந்தது! மறுக்க ஆள் இல்லாதபோது போட்ட சாட்சிக் கையெழுத்து அது. இந்த வழக்கில் எனக்குத் தயக்கமே இல்லை.

அதே கைதான் முதல் கான்செர்ட்டோவிலும் புகுந்ததா? க்ளின் நகரிலுள்ள சைக்கோவ்ஸ்கி அருங்காட்சியக ஆய்வாளர்கள் ஆம் என்ற பக்கமே சாய்கிறார்கள். மூன்றாம் பதிப்பு வெளியானது 1894இல் என்பது அவர்கள் கணக்கு. சாவதற்கு ஒன்பது நாள் முன் பீட்டர்ஸ்பர்க்கில் சைக்கோவ்ஸ்கி இந்தக் கான்செர்ட்டோவை நடத்தினார். பியானோவில் அடேல் ஆவுஸ் டெர் ஓஹே. அன்று சைக்கோவ்ஸ்கியின் கையிலிருந்த பிரதி, மூன்றாம் பதிப்புக்கு முந்தைய 1879 பாடத்தையே காட்டுகிறது. பியானோ கலைஞர் கிரில் கெர்ஸ்டைன் 2015இல் வெளியிட்ட பதிவில் வாசித்ததும் அதைத்தான்.

நல்ல சான்றுதான். ஆனால் நடத்துநரின் மேசையில் பழைய பிரதி கிடப்பது பெரிய அதிசயமில்லை. ஆர்கெஸ்ட்ராவின் பகுதித் தாள்கள் பழையவையாக இருந்தால் அவரும் பழையதை வைத்துத்தானே நடத்த வேண்டும்? மேலும், பியானோ கலைஞர் நிக்கோலாய் ரூபின்ஸ்டைன் 1874இல் இந்தக் கான்செர்ட்டோவைத் திட்டியபோது ஒரு சுரத்தையும் மாற்றமாட்டேன் என்ற சைக்கோவ்ஸ்கி, இன்னொரு பியானோ கலைஞரான எட்வர்ட் டான்ராய்தரின் யோசனைகளைப் பிறகு ஏற்றவரும்கூட. பியானோக்காரர் சொல்லித் திருத்துவது அவருக்குப் புதிதல்ல.

எனவே இரண்டாம் கான்செர்ட்டோவில் சிலோட்டி குற்றவாளி. முதலாவதில் சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுப்பேன்.