பீச் ரோடு: விசாகப்பட்டினத்திலிருந்து பீமிலி வரை

விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு பார்த்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, கேஸ் கனெக்‌ஷன் வாங்கிய கையோடு கண்டுபிடிப்பது பீச் ரோடைத்தான். ஆர்.கே. பீச் பக்கம் விடியற்காலையில் வண்டிகளை விடமாட்டார்கள். நடக்கிறவர், ஓடுகிறவர், நாயைக் கூட்டி வருகிறவர் எல்லாருக்கும் ரோடு சொந்தம். அங்கேதான் "நீங்களும் தமிழா சார்?" என்று கேட்டுப் பாதிப் பேர் பழக்கமாகியிருப்போம்.

கொஞ்சம் தெம்புள்ளவர்கள் வடக்கே போய்க்கொண்டே இருப்பார்கள். பீமிலி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பீமுனிப்பட்டினம் வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர். வலது கைப்பக்கம் கடல், இடது கைப்பக்கம் மலை. அரை மராத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு இதைவிட நல்ல ரோடு இந்தக் கரையில் கிடையாது. ஆனால் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை ஆர்.கே. பீச்சுக்குக் கூட்டிப்போனால் தவறாமல் ஒரு பேச்சு வரும். "நம்ம மெரினா மாதிரி மணல் இல்லியே?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல முழுச் சரித்திரத்தையும் கிளற வேண்டும்.

தெற்கே டால்பின் மூக்கு மலையிலிருந்து தொடங்குவோம். பழைய காலத்தில் இந்தக் கரையில் துறை என்று பேர் இருந்தாலும் கப்பல் கரைக்கு வராது. ஒரு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள் அலையைத் தாண்டிப் போய் மூட்டையை ஏற்றி இறக்கும். கப்பலுக்கு மறைவு என்று ஒன்றுமில்லை. 1804 செப்டம்பர் 15 அன்று பிரெஞ்சுத் தளபதி லினுவா மூன்று கப்பல்களோடு வந்து, இங்கே நங்கூரமிட்டிருந்த செஞ்சூரியன் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலைத் தாக்கினார். செஞ்சூரியன் தப்பியது. கூட இருந்த இரண்டு வணிகக் கப்பல்களில் ஒன்று தரை தட்டி அழிந்தது, இன்னொன்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சரக்குக்கு இன்சூரன்ஸ் கொடுத்தவன் என்ன பாடு பட்டானோ! (வங்கிக்காரனுக்கு இதுதான் முதலில் தோன்றும்.)

அதற்கு 700 வருடம் முன்னால் இந்தப் பட்டினத்துக்கு நம்மோடு ஒரு உறவு உண்டு. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் இதற்குக் குலோத்துங்கசோழபட்டினம் என்று இன்னொரு பெயர் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பக்கத்துச் சிம்மாசலம் கோயிலிலும் 1098-99 வாக்கில் பொறித்த அவன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கலிங்கத்துப்பரணி படித்தவர்களுக்குக் கருணாகரத் தொண்டைமான் ஞாபகம் வரலாம். போர் ஒரு பக்கம் நடந்தாலும் வியாபாரம் இன்னொரு பக்கம் நடந்திருக்கிறது.

துறைமுகத்துக்கு வருவோம். மத்திய மாகாணத்து மாங்கனீஸ் தாதுவைக் கடலுக்குக் கொண்டுவர ஒரு வழி வேண்டியிருந்தது. டால்பின் மூக்குக்குப் பின்னால் இருந்த சதுப்பு நிலத்தைத் தோண்டித் துறைமுகம் கட்டினார்கள். வேலை 1927-ல் தொடங்கியது. 1933 அக்டோபர் 7-ல் ஜலதுர்கா என்ற கப்பல் உள்ளே வந்தது. டிசம்பரில் வைஸ்ராய் வெலிங்டன் முறைப்படி திறந்துவைத்தார். வாய்க்காலில் மணல் வந்து அடைக்காமல் இருக்க இரண்டு பழைய கப்பல்களைக் கடலில் மூழ்கடித்து அணையாக்கினார்கள் என்பது சுவாரசியமான விஷயம்.

மணல் ஏன் வந்து அடைக்கிறது? நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குக் காற்றில் கொஞ்சம் திரும்பி வரும். வரவு செலவு கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்டினால், தெற்கே மணல் சேரும், வடக்கே இருக்கும் கரைக்கு வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

சென்னையில் 1876-ல் துறைமுக வேலை ஆரம்பித்த பிறகு நடந்தது இதுதான். மெரினா துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிறது, அதனால் மணல் சேர்ந்து சேர்ந்து அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையைத் தின்றது. விசாகப்பட்டினத்தில் ஊரும் பீச்சும் துறைமுகத்துக்கு வடக்கே அமைந்துவிட்டன. மெரினாவில் காலாற நடந்தவர்கள் வரவுப் பக்கத்தில் நடந்தார்கள், இங்கே ஓடுகிறவர்கள் செலவுப் பக்கத்தில் ஓடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். 1970-களில் பெரிய தாதுக் கப்பல்களுக்காக வெளித்துறைமுகம் கட்டிய பிறகு பிரச்சினை பெரிதானது. துறைமுகத்துக்காரர்கள் தூர்வாரும் மணலைக் கொண்டுவந்து பீச்சில் கொட்டுகிறார்கள். அடுத்த பருவத்தில் கடல் எடுத்துக்கொள்ளும், மறுபடி கொட்டுவார்கள். ஓவர்டிராஃப்ட் கணக்கு மாதிரிதான்! 2014 அக்டோபர் 12-ல் ஹுட்ஹுட் புயல் அடித்தபோது மணல் குறைந்திருந்த இடங்களில் கடல் நேராக ரோட்டுக்கே வந்தது.

குர்சுரா நீர்மூழ்கி (2002 முதல் கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது), 1971 போர் நினைவுச் சின்னம் எல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடலாம். லாசன்ஸ் பே தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கள். பக்கத்தில் பெத்த ஜாலரிபேட்டை, மீனவர் குப்பம். நமக்கு ஜாகிங் பாதை என்றால் அவர்களுக்குப் படகு நிறுத்துமிடம், வலை உலர்த்துமிடம், சந்தை எல்லாம் அதே மணல்தான். கரை சுருங்கினால் நமக்கு ஓட இடம் குறையும், அவர்களுக்குப் படகை இழுத்துவைக்க இடம் இருக்காது.

ருஷிகொண்டா தாண்டினால் இடது பக்கம் தொட்லகொண்டா மலை. சுமார் 2000 வருடத்துக்கு முந்தைய பௌத்த மடம். கடற்படைக்கு இடம் பார்க்கும்போது கண்ணில் பட்டு, பிறகு அகழாய்வு செய்தார்கள். ரோமானிய வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகளால் வந்த பெயர், நம் 'தொட்டி'தான் தெலுங்கிலும். மேலே ஏறிப் பார்த்தால் கடல் தெரியும் தூரத்தை வைத்தே பிக்குகள் ஏன் இங்கே தங்கினார்கள் என்று புரியும். கப்பல் வருவது முதலில் அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

அதன்பிறகு செம்மண் மேடுகள், அப்புறம் பீமிலி. கோஸ்தனி ஆறு கடலில் சேருமிடம். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே துணி வியாபாரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த அதே கம்பெனிதான். 1824 ஒப்பந்தப்படி மறுவருடம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் பார்த்தவர்கள் பீமிலி கல்லறைத் தோட்டத்துக்கும் போய்ப் பாருங்கள், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் பீமிலி விசாகப்பட்டினத்துக்குச் சளைத்த துறை அல்ல. எண்ணெய் வித்து, கடுக்காய், சணல் போயின. புளிச்சக்கீரைக் குடும்பத்துச் செடியின் நாருக்கு உலகச் சந்தையிலேயே 'பீமிலிப்பட்டினம் சணல்' என்றுதான் பெயர். ஊர் பெயரே சரக்கின் பெயரானது சாமானிய விஷயமா? 1890-களில் ரயில் பாதை விஜயநகரம், வால்டேர் வழியாக உள்நாட்டில் போனது, பீமிலிக்கு வரவில்லை. 1933-க்குப் பிறகு கப்பல் நேராகப் பிளாட்ஃபாரத்தில் அணையும் துறைமுகம் பக்கத்திலேயே வந்துவிட்டது. படகில் ஏற்றி இறக்கும் கூலி, நனைந்த சரக்கின் நஷ்டம், காத்திருக்கும் கப்பலுக்கு வாடகை, இத்தனையும் கூட்டிப் பார்க்கிற எந்த வியாபாரி பீமிலிக்கு வருவான்?

ஆக, பீமிலியின் வியாபாரத்தை எடுத்துக்கொண்டதும் ஆர்.கே. பீச்சின் மணலை எடுத்துக்கொண்டதும் ஒரே துறைமுகம். அதே துறைமுகத்தால்தான் எஃகு ஆலை, கப்பல் கட்டும் தளம், கடற்படை, அவற்றின் பின்னால் வங்கிகள், நாம் எல்லாரும் இந்த ஊருக்கு வந்தோம்.

பீமிலி வரை ஓடி முடிப்பவர்கள் பழைய கலங்கரை விளக்கம் பக்கம் உட்காரலாம். எதிரே கடலில் ஒரு கப்பலும் நிற்காது. காலையில் மீன் படகுகள் வரும் நேரமென்றால் ஏலம் நடக்கும், பேரம் பேசத் தெலுங்கு எண்கள் தெரிந்தால் போதும். திரும்பி வர சிட்டி பஸ் இருக்கிறது.