கிணற்று உரிமையும் நீரின் தூய்மையும்

நம் சமுதாய வரலாற்றில் தண்ணீருக்காக நடந்த போராட்டம் ஒரு பெரும் பகுதியாகும். 1924-இல் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். 1927 மார்ச் 20-இல் அண்ணல் அம்பேத்கர் மகாராட்டிரத்து மகாத் நகரில் மக்கள் திரளோடு சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு அவ்வுரிமையை உறுதி செய்தது.

இங்ஙனம் அரிதிற் பெற்ற நீருக்குப் பிறிதொரு கேடு வந்ததைப் பாலாற்றங்கரையில் காண்கிறோம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகள் உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீரை ஆற்றிலும் நிலத்திலும் விட்டன. அங்குக் கூலிக்கு உழைத்தோருள் நம் மக்களும் பலர். பிழைப்பைத் தந்த தொழிலே குடிநீரையும் கெடுத்தது. தோல் தொழில் நடந்த திண்டுக்கல் பகுதியின் 13 சிற்றூர்களில் எடுத்த கணக்கில், 467 கிணறுகளுள் 350 மாசுற்றிருந்தன.

வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே இழப்பீடு தருதல் வேண்டும்; கெட்ட இயற்கையைச் சீர்செய்யும் செலவையும் அவரே ஏற்றல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆயினும் 2025 ஜனவரி 30-இல் அந்நீதிமன்றம் வேலூர்த் தோல் சாலை மாசு குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது. மண்ணில் இறங்கிய நஞ்சு எளிதில் நீங்குவதில்லை. ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமை.

நம் இரும்பையைச் சூழ்ந்த பகுதியின் செந்நிலத்தைக் கடலூர் மணற்கல் என்பர் நிலநூலார். அது மழைநீரை எளிதில் உட்கொள்ளும். நீரில் கரைந்து வருவதையும் உட்கொள்ளும். குரோமியம் போன்றவை நீரைக் காய்ச்சினாலும் குளோரின் இட்டாலும் அகலா. ஒரு லிட்டர் குடிநீரில் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர வரையறை. அவ்வளவு நுண்ணிய அளவை நாவும் கண்ணும் அறியா, ஆய்வுக்கூடமே அறியும்.

எனவே, பூச்சிமருந்துக் கலங்களைக் கிணற்றருகிலும் ஏரிக்கரையிலும் கழுவுதல் கூடாது. ஊரில் புதிய தொழிற்சாலை வருமாயின் அதன் கழிவுநீர் எங்குச் செல்லும் என வினவுதல் வேண்டும். நம் குடிநீரை ஆய்ந்த முடிவை ஆண்டுதோறும் கிராம சபையில் படிக்குமாறு கோருதல் வேண்டும். சீனிவாசனார் சட்டமன்றத்தில் நின்று கேட்டார். நாம் நம் ஊர்ச் சபையில் நின்று கேட்போம். இளைஞர்களே, அம்முடிவிலுள்ள எண்களின் பொருளை நம் தாய்மார்க்கு விளங்க எடுத்துரையுங்கள். இக்கழகம் வளர்த்த கல்வி அதற்குப் பயன்படட்டும்.