ஐஸ் ஹாக்கி படமான வரலாறு

கூரையின் கீழ் முறையாக ஏற்பாடு செய்து ஆடப்பட்ட முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் 1875 மார்ச் 3 அன்று கனடாவின் மாண்ட்ரியால் நகரில், விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்கில் நடந்தது. ஜேம்ஸ் கிரைட்டன் முன்னின்று நடத்திய அந்த ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது பேர் ஆடினார்கள். அரங்கில் எரிந்தவை எரிவாயு விளக்குகள். அன்றைய புகைப்படத் தகட்டுக்கு நல்ல வெளிச்சத்திலேயே சில விநாடிகள் தேவைப்பட்டன. எரிவாயு வெளிச்சத்தில் சறுக்கி ஓடும் ஆட்டக்காரர் அதில் பதியவே மாட்டார். வெளிச்சம் குறைவு, வேகம் அதிகம் என்ற இந்தச் சிக்கலைத்தான் உள்ளரங்க ஐஸ் ஹாக்கியைப் படமெடுக்கப் பழகுபவர் இன்றும் முதல் நாளிலேயே சந்திக்கிறார்.

மாண்ட்ரியாலில் ஸ்டூடியோ நடத்திய வில்லியம் நாட்மன் இதற்கு ஒரு சுற்றுவழி கண்டார். ஸ்காட்லாந்தில் பிறந்து 1856இல் கனடாவுக்கு வந்தவர் அவர். 1870இல் விக்டோரியா ரிங்கில் நடந்த மாறுவேடச் சறுக்கு விழாவைப் படமாக்க, கலந்துகொண்டவர்களைத் தனித்தனியாக ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, அதே உடையில் நிற்கவைத்து எடுத்தார். பிறகு ஒவ்வொரு உருவமாகக் கத்தரித்து, வரைந்த பின்னணியில் அளவு பார்த்து ஒட்டினார்கள். ஸ்டூடியோவில் மெருகேற்றிய துத்தநாகத் தகடு பனித்தளமாயிற்று, உப்பு பனித்தூளாயிற்று. நாட்மன் 1891இல் இறந்தார். அவர் நிறுவனம் 1893இல் வெளியிட்ட விக்டோரியா ரிங்க் ஹாக்கி ஆட்டப் படமும் இப்படி ஒட்டிச் சேர்த்ததுதான். அசையாமல் நின்றவர்களைக் கொண்டு அசைவை உண்டாக்கிய அந்தப் படங்களைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. யார் எங்கே நிற்க வேண்டும், பார்ப்பவரின் கண் எதில் போய் நிற்க வேண்டும் என்பதை அவற்றைச் செய்தவர்கள் ஆழ்ந்து யோசித்திருக்கிறார்கள்.

1880களின் பிற்பகுதியில் மக்னீசியம் கலந்த ஃப்ளாஷ் தூள் வந்தது. புகையும் தீ அபாயமும் கொண்ட அது, வரிசையில் நிற்கும் அணியை எடுக்க உதவியதே தவிர ஆட்டத்துக்குப் பயன்படவில்லை. 1929–30 வாக்கில் ஃப்ளாஷ் பல்பு விற்பனைக்கு வந்த பிறகுதான் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தளத்தின் ஓரத்துக்கு நம்பிக்கையோடு வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் ஸ்பீடு கிராஃபிக் என்ற கனத்த கேமரா. நான்குக்கு ஐந்து அங்குல ஃபிலிம் தாள்கள் இரண்டு, ஒரு சட்டத்தின் இரு பக்கங்களில் செருகப்பட்டிருக்கும். ஒரு படம் எடுத்ததும் சட்டத்தை உருவித் திருப்பிப் போட வேண்டும், எரிந்த பல்பைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். அதற்குள் ஆட்டம் எதிர்முனைக்குப் போயிருக்கும். ஒரு தாக்குதலுக்கு ஒரு படம்தான் என்ற நிலையில், ஆட்டத்தின் போக்கை முன்கூட்டியே ஊகிப்பது அந்தத் தொழிலின் அடிப்படைத் திறமையானது.

1930களில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்டு எட்ஜர்ட்டன் உருவாக்கிய மின்னணு ஃப்ளாஷ், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மின்னிப் பல்பின் குறையைத் தீர்த்தது. அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கு போதும். பக் என்பது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் அடிபட்டால் அது விநாடிக்கு 44 மீட்டர் பாய்கிறது. 1/1000 விநாடிக்குள் நான்கு சென்டிமீட்டருக்கு மேல், அதாவது தன் விட்டத்தில் பாதிக்கும் அதிகமாக நகர்ந்துவிடுகிறது. ஆட்டக்காரரை 1/500 விநாடியில் ஓரளவு நிறுத்திவிடலாம். பக் அதற்குள் கோடாகிவிடும்.

அக்காலத்தின் அடையாளமாக நிற்பவை டொரண்டோவில் லூ, நாட் துரோஃப்ஸ்கி சகோதரர்களின் அலெக்சாண்ட்ரா ஸ்டூடியோ எடுத்த படங்கள். 1931இல் திறக்கப்பட்ட மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கின் ஆட்டங்களை அவர்கள் பல ஆண்டுகள் பதிவுசெய்தார்கள். 1951 ஏப்ரல் 21 இரவு, ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் பில் பாரில்கோ கோல் அடித்த நொடி அவர்கள் சேகரிப்பில் இருக்கிறது. அடித்த வேகத்தில் பாரில்கோ முன்னோக்கிப் பாய்ந்து, தரையைத் தொடாமல் அந்தரத்தில் கிடக்கிறார். மாண்ட்ரியால் கோல்கீப்பர் ஜெரி மெக்நீல் பின்னால் சாய்ந்துகொண்டிருக்கிறார். அந்தக் கோடையிலேயே விமான விபத்தில் பாரில்கோ இறந்துவிட்டதால், அந்த ஒரு சட்டகமே அவர் நினைவாக நிலைத்தது. இத்தகைய படங்களில் முன்னால் இருப்பவர் பளிச்சென்றும் பின்னால் கூட்டம் இருட்டாகவும் தெரிவதற்குக் காரணம், ஃப்ளாஷ் வெளிச்சம் தொலைவு இரட்டித்தால் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதுதான்.

தளமும் மாறியது. அதுவரை அடித்தரையின் மங்கிய நிறத்தைக் காட்டிய பனிக்குக் கீழே, 1949–50 பருவம் முதல் நேஷனல் ஹாக்கி லீக் வெள்ளை வண்ணம் பூசவைத்தது. பார்வையாளருக்குப் பக் தெளிவாகத் தெரிந்தது. புகைப்படக்காரருக்கு இது வரமும் தொல்லையுமானது. வெள்ளைத் தளம் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, ஹெல்மெட்டின் நிழலில் மறையும் முகத்தைக்கூடத் தெளிவாக்கும். ஆனால் கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே உள்ளதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளை நிறைந்த காட்சியை அது குறைத்துப் பதிவுசெய்ய, பனி அழுக்கு நிறமாகவும் முகங்கள் கருத்தும் வந்துவிடும். புதிதாக எடுப்பவர்களின் படங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் குறை இதுவே. மானி காட்டுவதைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தால் பனி வெள்ளையாக வரும்.

தளத்தைச் சுற்றிக் கம்பி வலை இருந்த இடங்களில் பின்னர் கண்ணாடித் தடுப்பு வந்தது. பக் முகத்தில் படும் ஆபத்து குறைந்தது, தெளிவும் குறைந்தது. பக்கும் மட்டையும் மோதிக் கீறல் விழுந்த கண்ணாடி படத்தை மங்கச் செய்யும், சாய்வாக எடுத்தால் உருவத்தை இரட்டிக்கும், தானியங்கி ஃபோகஸைத் தன் மேலேயே இழுத்துக்கொள்ளும். பெரிய அரங்குகளில் இதற்காகவே மூலைகளில் லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளை விடுகிறார்கள். அந்தத் துளைகள் மிகச் சில என்பதால், யார் எங்கே உட்காருகிறார் என்பது படத்தின் தலைவிதியையே தீர்மானிக்கிறது.

1970 மே 10 அன்று பாஸ்டன் கார்டனில் அதுதான் நடந்தது. ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் நான்காம் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. பாஸ்டன் ரெக்கார்டு அமெரிக்கன் நாளிதழின் ரே லூசியர், பாஸ்டன் அணி தாக்கப்போகும் முனைக்கு இடம் மாறினார். அங்கே வேறொரு புகைப்படக்காரர் எழுந்துபோன முக்காலி காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தார். கூடுதல் நேரம் தொடங்கி 40 விநாடிகளில் பாஸ்டனின் பாபி ஓர் கோல் அடித்தார். அதே கணம் செயின்ட் லூயிஸ் அணியின் நோயல் பிக்கார்டு அவர் காலைத் தட்டிவிட, கைகளை விரித்தபடி ஓர் காற்றில் பறந்தார். ஐஸ் ஹாக்கியின் மிகப் புகழ்பெற்ற புகைப்படம் இப்படிக் கிடைத்தது. இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்வது லூசியருக்கு அநீதி. கோல் எந்தப் பக்கம் விழும் என்று எண்ணிப் பார்த்து, கூடுதல் நேரம் தொடங்கும் முன்பே எழுந்து நடந்தவர் அவர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1972 செப்டம்பர் 28 அன்று, மாஸ்கோவின் லுஷ்னிகி அரங்கில் கனடா–சோவியத் தொடரின் எட்டாம் ஆட்டம். 34 விநாடிகள் மீதமிருக்கையில் பால் ஹெண்டர்சன் வெற்றி கோலை அடித்து, இவான் குர்ன்வாயேயின் அணைப்பில் கை உயர்த்திய நொடியை டொரண்டோ ஸ்டாரின் ஃபிராங்க் லெனன் எடுத்தார். ஏறத்தாழ அதே காட்சி டெனி புரோடரின் கேமராவிலும் பதிந்தது. புரோடர் 1956 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கனடா அணியின் கோல்கீப்பர். ஆடியவர் கண்ணும் செய்தியாளர் கண்ணும் ஒரே நொடியைப் பிடித்தது தற்செயல் அல்ல. ஆட்டத்தை அறிந்தவருக்கு விரல் அழுந்த வேண்டிய கணம் தெரியும்.

வண்ணப்படம் வந்தபோது வெளிச்சச் சிக்கல் மறுபடி தலைதூக்கியது. அக்கால வண்ண ஃபிலிம்கள் மந்தமானவை. பத்திரிகைகள் அரங்கின் கூரை உத்திரங்களில் பெரிய ஃப்ளாஷ் விளக்குகளைப் பொருத்தி, கீழிருந்து இயக்கின. ஒருமுறை மின்னிய பின் அவை மீண்டும் மின்னேறும் வரை காத்திருக்க வேண்டும் என்பதால், ஸ்பீடு கிராஃபிக் காலத்து ஒற்றைப் பட ஒழுங்கு வண்ணத்திலும் தொடர்ந்தது. 1980இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வென்ற அமெரிக்க வீரர்களின் கொண்டாட்டத்தை ஹைன்ஸ் க்ளூட்மையர் எடுத்தார். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் அதை அட்டையில் ஒரு தலைப்பு வரிகூடச் சேர்க்காமல் வெளியிட்டது.

ஃப்ளாஷ் வசதி இல்லாதவர்கள் அரங்க விளக்குகளையே நம்பினார்கள். பாதரச ஆவி விளக்கும் மெட்டல் ஹாலைடு விளக்கும் மின்னோட்டத்துக்கேற்பத் துடிப்பவை. வட அமெரிக்காவில் விநாடிக்கு 120 முறை. ஒரு துடிப்பு சுமார் எட்டு மில்லிவிநாடி. 1/1000 ஷட்டர் திறப்பதோ ஒரே மில்லிவிநாடி. அடுத்தடுத்த இரு படங்களில் ஒன்று பச்சை கலந்தும் மற்றது பழுப்பாகவும் வருவது இதனால்தான். 2014இல் வந்த கேனான் 7டி மார்க் 2 போன்ற கேமராக்கள் துடிப்பின் உச்சத்தைக் கணித்து ஷட்டரைத் திறக்கக் கற்றுக்கொண்டன. அதற்கு முன்பே, 2007இல் வந்த நிக்கான் டி3, ஐஎஸ்ஓ 6400 என்ற உயர் ஒளியுணர்விலும் அச்சிடத்தக்க படம் தந்து, சிறு அரங்கில் எடுப்பவருக்கும் வழி திறந்துவிட்டது.

இன்று உள்ளூர் ரிங்கில் தொடங்குபவர், எஃப் 2.8 வரை திறக்கும் 70–200 லென்ஸ், 1/800 முதல் 1/1000 வரை ஷட்டர், 3200 முதல் 6400 வரை ஐஎஸ்ஓ என்று வைத்துத் தொடங்கலாம். அரங்கின் வெளிச்சம் ஆட்டம் முழுவதும் பெரிதாக மாறாது என்பதால், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போதே பனியைப் பார்த்து எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் கையால் நிறுத்திவிடுவது நல்லது. துளை இல்லாத இடத்தில் கீறல் குறைந்த கண்ணாடியைத் தேடி, லென்ஸை அதற்கு நேராகவும் நெருக்கமாகவும் வைக்க வேண்டும். பக்கைத் துரத்தாமல் முதலில் கோல்கீப்பரையே படமெடுத்துப் பழகினால் ஃபோகஸ் கைவரும். அவர் அதிகம் நகர்வதில்லை, பக் அவரிடம்தான் வந்தாக வேண்டும். ஆட்டம் முடிந்து குளிரிலிருந்து சூடான அறைக்குள் போகுமுன் கேமராவைப் பைக்குள் மூடிவைத்தால் லென்ஸில் நீர் பூக்காது.