காதுக்குக் கதவு

பிரம்மதேவன் கண்ணுக்கு இமை வைத்தான். வாய்க்கு உதடு வைத்தான். காதுக்கு மட்டும் கதவு வைக்க மறந்துபோனான். அதனால்தான், பிடிக்காத காட்சியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற நாம், அடுத்த வீட்டுக்காரர் தொலைக்காட்சிப் பெட்டியை அலறவிடும்போது ஒன்றும் செய்ய இயலாமல் உட்கார்ந்திருக்கிறோம். இந்தக் குறையை நிவர்த்தி செய்ய மனிதன் ஏதாவது பிரயத்தனம் செய்திருக்கிறானா என்றால், செய்திருக்கிறான். அவன் செய்த கதவுக்கு ஹெட்போன் என்று பெயர்.

சங்கீதத்தில் பற்றுள்ள நண்பர்கள் சிலர், "நல்ல ஹெட்போனாக ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம்?" என்று என்னைக் கேட்பதுண்டு. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன்; ரேடியோ ரிப்பேர்க்காரன் அல்ல. ஆனால் எந்தச் சாமானையும் வாங்குவதற்கு முன்னால் அதன் பூர்வோத்தரத்தை விசாரிப்பது என் வழக்கம். கொங்கு நாட்டில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள், "நீங்க என்ன கூட்டம்?" என்று முதலில் கேட்பதில்லையா? அதைப்போல ஹெட்போனையும் என்ன கூட்டம் என்று விசாரித்துப் பார்த்தேன். விலைப்பட்டியலில் கிடைக்காத விடை சரித்திரத்தில் கிடைத்தது.

1881-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்தில் ஒரு மின்சாரப் பொருட்காட்சி நடந்தது. கிளெமான் அடேர் என்ற பொறியியல் வல்லுநர், ஆப்பரா மேடையில் பாடுகிறவர்களின் குரலை டெலிபோன் கம்பி வழியாகப் பொருட்காட்சிச் சாலைக்குக் கொண்டுவந்தார். ஜனங்கள் வரிசையில் காத்து நின்று, இரண்டு குழல்களை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு கேட்டார்கள். மேடையின் இடது பக்கத்து ஒலி ஒரு காதுக்கும், வலது பக்கத்து ஒலி மறு காதுக்கும் போயிற்று. பாடகர் மேடையில் நடந்தால் குரலும் கூடவே நடந்தது! 'ஸ்டீரியோ' என்று இன்று சொல்கிறோமே, அதன் முதல் அவதாரம் இதுதான். பிற்பாடு இது சந்தா கட்டி வீட்டிலிருந்தே கேட்கும் ஏற்பாடாயிற்று. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் கூட 1911-இல் சந்தாதாரராகச் சேர்ந்தார். ஆஸ்துமாக்காரராகிய அவருக்கு வீட்டை விட்டுக் கிளம்புவதே பெரும்பாடு.

தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனை நன்றாகச் செய்தவர் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து நத்தானியேல் பால்ட்வின். 1910-இல் தாம் செய்த ஜோடியை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படையார் பரிசோதித்துப் பார்த்து அசந்துபோய், "நிறைய வேண்டும்" என்று எழுதினார்கள். "ஒரு தடவைக்குப் பத்துத்தான் செய்ய முடியும்" என்று பதில் வந்தது. காரணம், அவருடைய தொழிற்சாலை அவர் வீட்டுச் சமையலறை! கப்பலின் இரைச்சலுக்கு நடுவே, நெடுந்தூரத்திலிருந்து தேய்ந்து வரும் தந்திச் சப்தத்தைக் கேட்பதற்கு அவர்களுக்கு அது தேவைப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை ராஜதானி ரேடியோ கிளப் தோன்றியது. அவ்வருஷம் ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பும் ஆரம்பமாயிற்று. அந்தக் காலத்தில் சாமான்யனுக்குக் கட்டுப்படியாகக்கூடிய ரேடியோ, 'கிரிஸ்டல் செட்' என்கிற சின்னப் பெட்டிதான். அதற்கு பாட்டரியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரு தாதுக் கல், அதைத் தொட்டுக்கொண்டு பூனை மீசை மாதிரி ஒரு மெல்லிய கம்பி, நீளமான ஏரியல், இவ்வளவுதான். ஆகாயத்திலிருந்து பிடித்த அலையின் பலத்திலேயே அது பேச வேண்டும். அந்த ஏழைச் சப்தத்தைக் காதோடு காதாகத்தான் கேட்க முடியும். வீட்டில் நாலு பேர் இருந்தால், ஹெட்போனை ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள் போட்டுச் சுற்றிலும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்பது உலகெங்கும் பழக்கமாயிருந்தது.

கிளப் பணமுடையால் 1927-இல் மூடப்பட்டது. சென்னை நகரசபை அந்தச் சாதனங்களை வாங்கி, 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பியது. மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து ஊராருக்குச் சங்கீதம் வழங்கியது. 1938-இல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையமும், மறு வருஷம் திருச்சி நிலையமும் வந்தன. 1941-இல் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். வால்வு வந்த பிறகு சப்தத்துக்குப் பஞ்சமில்லை. ஹெட்போன் பரண்மேல் ஏறிவிட்டது. காது ஊருக்குப் பொதுவாயிற்று.

கொங்கு நாட்டுக் கிராமங்களில் அது ஒரு பெரிய காலம். பஞ்சாயத்து ரேடியோவின் முன்னால் சாயங்காலம் ஊரே கூடும். கல்யாணமா, காதுகுத்தா, நோம்பியா, "ரேடியோ செட் கட்டியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. பெருந்துறைக்குத் தெற்கே இருக்கும் சென்னிமலையில்தான் கந்த சஷ்டி கவசம் அரங்கேறியது என்பார்கள். அது இன்று விடியற்காலையில் எத்தனை ஆயிரம் ஊர்களில் குழாய் ஸ்பீக்கர் வழியாக ஒலிக்கிறது! சேர்ந்து கேட்பதில் ஓர் ஆனந்தம் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் ஸ்பீக்கரில் தம்புராவைக் கேட்டவர்கள் யாராவது உண்டா?

தம்புரா கேட்க வேண்டும் என்ற ஆசைதான் ஹெட்போனைப் பரணிலிருந்து கீழே இறக்கியது என்று சொல்லலாம். ஜெர்மனியில் ஆய்கென் பேயர் 1937-இலேயே நுட்பமான ஹெட்போன் ஒன்று செய்திருந்தார். அது பெரும்பாலும் ஒலிப்பதிவுக்காரர்களிடம் போயிற்று. 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ், தம்முடைய கிராமபோனின் பெருமையைக் காட்டுவதற்காக ஸ்டீரியோ ஹெட்போன் ஒன்றைக் கூடவே வைத்தார். ஜனங்கள் கிராமபோனை விட்டுவிட்டு ஹெட்போனைக் கேட்டார்கள்! 1968-இல் ஜெர்மனியின் ஸென்ஹைஸர் கம்பெனி, பின்பக்கம் அடைக்காத திறந்த ஹெட்போனைக் கொண்டுவந்தது. காதுக்குள் அடைபட்ட உணர்ச்சி போய், சங்கீதம் எதிரே கூடத்தில் நடப்பதுபோல் கேட்டது. 1979-இல் சோனியின் வாக்மேன் சங்கீதத்தைத் தெருவுக்கு அழைத்துச் சென்றது. 1978-இல், வங்காளித் தகப்பனாருக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ் ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்தபோது, எஞ்சின் இரைச்சல் கொடுத்த ஹெட்போனையும் மீறி வந்தது. இரைச்சலுக்கு எதிரான இரைச்சலை உண்டாக்கி இரண்டையும் அடித்துவிடலாமே என்று அவர் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். 1989-இல் அது விமானிகளுக்கான சாதனமாக வெளிவந்தது.

இந்த வரலாற்றில் ஒரு விஷயம் வாசகர்களுக்குப் புலப்பட்டிருக்கும். ஹெட்போன் ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தின் தேவைக்காகப் பிறந்திருக்கிறது. கப்பலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று. ஆகவே, "எந்தக் கம்பெனி? என்ன விலை?" என்று கேட்பதற்கு முன்னால், "எனக்கு எவ்வளவு நிசப்தம் இருக்கிறது?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது எனக்கு நன்றாக விளங்கியது பெருந்துறையில். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை வேறு. இது ஈரோட்டுக்குப் பக்கத்துப் பெருந்துறை. ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், வேறொரு சாமான் வாங்கக் கடைக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு பையன் தன் தாத்தாவுக்கு ஹெட்போன் பொறுக்கிக்கொண்டிருந்தான். பெரியவர் நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவராம். பையன் ஓர் உயர்ந்த ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, பக்கத்துக் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் பாட்டு ஒன்றைப் போட்டான்.

"எப்படி இருக்குதுங்க, அப்புச்சி?"

"சத்தமெல்லாம் கேக்குது கண்ணு. பாட்டுல என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்க மாட்டேங்குது."

"இன்னுங் கொஞ்சம் சவுண்டு வெக்கட்டுங்களா?"

"வேண்டாஞ் சாமி. வெச்சா எரைச்சல்தான் சாஸ்தியாகுது."

கடைக்காரர் அதைவிட விலை உயர்ந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். பெரியவர் என் பக்கம் திரும்பி, "தறிக்கு முன்னால நிக்கறப்ப வாயசைப்பைப் பார்த்தே பேசிக்குவமுங்க. இப்ப வூட்லயும் அப்படித்தானுங்க," என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிக்க முடியவில்லை. விசைத்தறிக் கொட்டகையில் சப்தம் 90 டெசிபலைத் தாண்டும். பல வருஷம் அதில் நின்ற காது, முதலில் மெல்லிய உச்ச ஒலிகளை இழக்கிறது. பேச்சில் 'ச', 'த', 'க' முதலிய மெய்யொலிகள் அங்கேதான் இருக்கின்றன. உயிரொலி கேட்கும், சொல் புரியாது. எந்த விலைக்கு வாங்கிய ஹெட்போனும் அதைத் திருப்பித் தராது. ஊரில் இன்னும் 'சானடோரியம்' என்றே சொல்லப்படும் பழைய காசநோய் ஆஸ்பத்திரி வளாகத்தில் இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "முதலில் அங்கே போய் அப்புச்சியின் காதைச் சோதித்துக்கொள்; அப்புறம் வாங்கலாம்," என்று பையனிடம் சொன்னேன். கடைக்காரர் என்னை முறைத்துப் பார்த்தார். அது நியாயந்தான்.

நல்ல காது உள்ளவர்கள் எப்படிப் பொறுக்குவது? வீட்டில் நிசப்தமான ஓர் அறையும், இரவில் ஒரு மணி நேரமும் உங்களுக்குச் சொந்தமானால், திறந்த ஹெட்போன் உத்தமம். அறைக்கு வெளியே தறியோ, லாரியோ, கூட்டுக் குடும்பமோ ஓடிக்கொண்டிருந்தால் அது பிரயோஜனப்படாது. வெளிச் சப்தம் உள்ளே வரும், உள் சப்தம் வெளியே போகும். அங்கே காதை முழுவதும் மூடும் ஹெட்போன் அல்லது காதுக்குள் பொருந்தும் இயர்போன் வேண்டும். இயர்போனின் ரப்பர் முனை காதுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால், மிருதங்கத்தின் தொப்பி காணாமற் போய்விடும். பெட்டியில் கொடுக்கும் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள். இரைச்சலை அடிக்கும் ஜாதி, பஸ்ஸின் உறுமலையும் விசிறியின் ரீங்காரத்தையும் நன்றாக விழுங்கும். தறியின் சடசடப்பை அவ்வளவு விழுங்காது.

'ஓம்' என்று ஓர் அளவு போட்டிருப்பார்கள். அது பிரணவம் அல்ல. ஜெர்மன் விஞ்ஞானி ஒருவரின் பெயர். 16, 32 ஓம் உள்ளவற்றைச் செல்போனே பாட வைக்கும். 300 ஓம் உள்ளதற்குத் தனி ஆம்ப்ளிபையர் இருந்தால்தான் குரல் எழும்பும். அது தெரியாமல் வாங்கிவிட்டு, விலை உயர்ந்த சாமான் ஊமையாயிருக்கிறதே என்று வருந்த வேண்டாம்.

கடையில் அவர்கள் போட்டுக் காட்டும் பாட்டைக் கேட்காதீர்கள். அது ஹெட்போனுக்குச் சாதகமான சாட்சி. உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரியைக் கொண்டுபோங்கள். சப்தத்தைக் குறைத்து வையுங்கள். தம்புரா கேட்கிறதா என்று பாருங்கள். பாடகர் நிறுத்துகிற இடத்தில் சுருதி தொடர்ந்து ஓடுவது தெரிய வேண்டும். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித் தனியாகப் பேச வேண்டும். சப்தத்தை ஏற்றினால்தான் நன்றாயிருக்கிற ஹெட்போன் எனக்கு வேண்டாம். பழைய 78 சுற்று இசைத்தட்டுகளின் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தட்டுகளில் உச்ச ஒலி அதிகம் பதிவாகவில்லை. மேல் ஒலியைத் தூக்கிக் காட்டும் ஹெட்போன் சுந்தராம்பாளை விட்டுவிட்டுத் தட்டின் கீறலைத்தான் தூக்கிக் காட்டும். நடு ஒலி நன்றாயிருப்பதே அவற்றுக்கு ஏற்றது.

கடைசியாக ஒரு கணக்கு. வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம் கேட்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரந்தான். உட்செவியில் சப்தத்தை வாங்கிக்கொள்ளும் நுண்ணிய மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. போனால் மறுபடி முளைப்பதில்லை. தறிக்காரர் காதைக் கொடுத்தது வயிற்றுப் பிழைப்புக்கு. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, எஞ்சின் இரைச்சலை ஜெயிப்பதற்காகச் சப்தத்தை மேலே மேலே ஏற்றுகிற நம் பிள்ளைகளுக்கு அப்படி என்ன அவசியம்?

அதனால் என்னிடம் யோசனை கேட்கிற நண்பர்களுக்கு இப்போதெல்லாம் நான் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. மெதுவாக வைத்துக் கேட்டாலும் முழுவதும் கேட்கிற ஹெட்போன் எதுவோ, அதை வாங்குங்கள் என்கிறேன். அறுபது வயதிலும் தம்புரா கேட்க வேண்டும் அல்லவா?