நாணயத்தின் ஏடு கசியும்போது: கடன் தகவல் நிறுவனங்களின் சட்ட வரலாறு

'நாணயம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. கடைவீதியில் இவ்விரு பொருள்களும் பிரிந்து வழங்கியதில்லை. வலியசாலையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் 'நாணயமான ஆள்' என்றால், கடனுக்குச் சரக்குக் கொடுக்கலாம் என்பதே பொருள். அந்த மதிப்பீடு கடைக்காரரின் நினைவிலும் பேரேட்டிலும் இருந்தது. பற்றுவரவில் ஐயம் எழுந்தால் எதிரே நின்று கேட்கலாம்; ஏட்டை எழுதியவர் யார் என்பதும் தெரியும்.

இந்த மதிப்பீடு தெருவை விட்டு நீங்கி, விற்பனைச் சரக்காக மாறிய பின், அதனால் தனிமனிதருக்கு நேரும் தீங்கைச் சட்டம் எவ்வாறு அடையாளம் கண்டது? இவ்வரலாற்றில் மூன்று கட்டங்கள் தெரிகின்றன: பொய், பிழை, கசிவு. முதல் இரண்டுக்கும் சட்டம் பெயரிட்டுப் பரிகாரமும் வகுத்தது. மூன்றாவதில் இன்றும் தடுமாறுகிறது. இந்தியாவில் அத்தடுமாற்றம் ஒரு பின்னடைவாகவே மாறிவருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1837ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் நொடித்த நியூயார்க் பட்டு வணிகர் லூயிஸ் டாப்பன், 1841இல் 'மெர்க்கன்டைல் ஏஜென்சி' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர்தோறும் இருந்த செய்தியாளர்கள் உள்ளூர் வணிகர்களின் நிலையை எழுதி அனுப்புவர். சந்தா செலுத்தியோர் அதனைக் கேட்டறிவர். ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த பியர்ட்ஸ்லி என்னும் வணிகர் தம்மைப் பற்றிய குறிப்பு அவதூறு என வழக்குத் தொடுத்தார். 1851இல் நடுவர் குழு 10,000 டாலர் இழப்பீடு விதித்தது; 1870இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. முடிவு எதுவாயினும், வழக்கின் அடிப்படை தெளிவானது: எழுதியது பொய் என்பதே குற்றச்சாட்டு.

இரண்டாம் கட்டம் நுகர்வோருடையது. 1899இல் அட்லாண்டாவில் தொடங்கிய 'ரீட்டெயில் கிரெடிட் கம்பெனி'யே பின்னாளில் ஈக்விஃபாக்ஸ் எனப் பெயர் மாறியது. இத்தகைய நிறுவனங்களின் கோப்புகள் பெருகிய நிலையில், 1970இல் அமெரிக்கா 'நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்தை' இயற்றியது. தன்னைப் பற்றிய கோப்பில் உள்ளதை அறியவும், பிழையை மறுத்துத் திருத்தம் கோரவும் தனிமனிதருக்கு உரிமை கிடைத்தது. பேரேட்டின் எதிரே நின்று கேட்கும் பழைய உரிமை சட்டவடிவில் மீண்டது எனலாம்.

மூன்றாம் கட்டத்தின் முரண் இங்குதான் தொடங்குகிறது. 2017 மே மாதம் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்துக்குள் ஊடுருவியோர் நுழைந்த வாயில், நுகர்வோர் தம் பிழைகளை முறையிடுவதற்கென அமைக்கப்பட்ட அதே இணையவாயில். அதில் இயங்கிய அப்பாச்சி ஸ்டிரட்ஸ் மென்பொருளின் குறைபாடு மார்ச் மாதமே அறிவிக்கப்பட்டு, திருத்தமும் வெளியாகியிருந்தது. நிறுவனம் அதனைப் பொருத்தவில்லை. வலைப்போக்குவரத்தைச் சோதிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால் ஜூலை இறுதிவரை ஊடுருவல் கண்ணில் படவில்லை. ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் முதலியன வெளியேறின. செப்டம்பர் 7 அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது.

இங்கே பொய்யும் இல்லை, பிழையும் இல்லை. வெளியேறியவை உண்மையான தகவல்கள். உண்மை கசிந்தால் என்ன தீங்கு, அதனை எவ்வாறு அளப்பது என்னும் வினாவுக்கு 2019 ஜூலையில் எட்டப்பட்ட உடன்பாடு அளித்த விடை விந்தையானது. மொத்தத் தொகை 70 கோடி டாலர்வரை செல்லலாம் என அறிவிக்கப்பட்டது. தனிநபருக்கு 125 டாலர் ரொக்கம் என்பதே செய்திகளில் பேசப்பட்டது. ஆனால் அதற்கென ஒதுக்கிய தொகை 3.1 கோடி டாலர் மட்டுமே. பாதிக்கப்பட்டோர் அனைவரும் கோரியிருந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 21 சென்ட். மாற்றாக வழங்கப்பட்டது இலவசக் கடன் கண்காணிப்பு. அதாவது, தகவலைக் காக்கத் தவறிய துறையே தொடர்ந்து கண்காணிக்கும்.

2021இல் 'டிரான்ஸ்யூனியன் எதிர் ராமிரெஸ்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வினாவை மேலும் இறுக்கியது. 8,185 பேரின் கோப்புகளில், பயங்கரவாதிகள் பட்டியலில் உள்ளவராக இருக்கலாம் என்ற தவறான குறிப்பு இருந்தது. எவருடைய அறிக்கை மூன்றாம் தரப்புக்கு அனுப்பப்பட்டதோ அந்த 1,853 பேருக்கே இழப்பீடு கோரித் தொடரும் தகுதி உண்டு என 5-4 என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. தீங்கு நேரக்கூடும் என்னும் அச்சம் மட்டுமே இழப்பீட்டுக்குப் போதாது என்பது அதன் சாரம். தரவுக் கசிவில் பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் இந்த அச்சத்தோடு மட்டுமே நிற்பவர்கள்.

இனி இந்தியா. 1962இலேயே கடன் தகவலைத் திரட்டவும், அதன் மறைதன்மையைக் காக்கவும் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. 2000இல் சிபில் தோன்றியது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், ஒவ்வொரு கடன் நிறுவனமும் இத்தகைய அமைப்பில் உறுப்பினராவதைக் கட்டாயமாக்கியது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் ஆகிய நான்கும் இயங்குகின்றன. வங்கியில் கடன் வாங்கும் எவரும் இந்த ஏட்டில் இடம்பெறுவதைத் தவிர்க்க இயலாது.

பிழைக்கு இங்கும் ஓரளவு பரிகாரம் உண்டு. திருத்தம் 30 நாட்களைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஆணையிட்டது. கசிவுக்கு இருந்த வழி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. 2008 திருத்தத்தால் வந்த இப்பிரிவு, பாதுகாப்பில் அலட்சியம் காட்டி இழப்பு விளைவித்த நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடு தரவேண்டும் என்றது. 5 கோடி ரூபாய்வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரே விசாரிக்கலாம். கேரளத்தவருக்கு அது திருவனந்தபுரத்திலேயே கிடைக்கும் தீர்வு.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்பிரிவை நீக்குகிறது. 2025 நவம்பர் அறிவிப்பின்படி 18 மாதங்களுக்குப் பின் அந்நீக்கம் நடைமுறைக்கு வரும். பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்கப் புதிய சட்டம் வழிசெய்கிறது. ஆனால் அத்தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கும் பிரிவு அதில் இல்லை. மாறாக, பொய்யான அல்லது அற்பமான முறையீடு செய்யும் தனிமனிதருக்கு 10,000 ரூபாய்வரை தண்டம் உண்டு.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அறிவித்தது 2017 ஆகஸ்ட் 24. ஈக்விஃபாக்ஸ் செய்தி வெளியானது அதற்கு இரு வாரங்களுக்குப் பின். உரிமை தனிமனிதருக்கு உரியது என்று நீதிமன்றம் சொல்ல, அதன் மீறலுக்கான தொகை அரசுக்கு உரியது என்று சட்டம் சொல்கிறது. நுகர்வோர் நீதிமன்றத்தை நாடலாமே எனில், கடனாளி கட்டணம் செலுத்துவது வங்கிக்கே. தகவல் நிறுவனத்தின் 'நுகர்வோர்' அவரா என்பதே முதல் தடையாக எழக்கூடும்.

தண்டத்தொகை பெரிதாக இருப்பது நிறுவனங்களை எச்சரிக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எச்சரிக்கை வேறு, ஈடு வேறு. 43ஏ நீங்குவதற்குள் அதற்கு நிகரான இழப்பீட்டுப் பிரிவு ஒன்று புதிய சட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். சட்டமும் பொருளியலும் பயிலும் நண்பர்கள் இதில் மாறுபட்டால், காரணங்களோடு எழுதுங்கள், விவாதிக்கலாம்.