விலங்கு பூண்ட தெய்வங்கள்

சென்ற கோடை விடுமுறையில் முலுண்டிலிருந்து நெல்லைச் சீமைக்குச் சென்றிருந்தோம். அங்கே கோயில் யானையிடம் ஆசி பெற்ற எம் இளைய மகள், அதன் காற்சங்கிலியைக் கண்டு, "சாமி யானையை ஏன் அப்பா கட்டிப் போட்டிருக்கிறார்கள்?" என்றாள். விடை கூற நாவெழவில்லை. இரயிலில் திரும்பும் வழியெல்லாம் எண்ணியவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

விலங்கு என்னும் சொல் தமிழில் மிருகத்தையும் குறிக்கும்; தளையையும் குறிக்கும். வணக்கத்திற்குரியதைப் பிணித்து வைத்தல் நமக்கு மட்டும் உரிய வழக்கன்று. கி.மு. 332-இல் அலெக்சாந்தர் தீர் நகரை முற்றுகையிட்டபோது, அப்பல்லோ தெய்வம் நகரை விட்டு நீங்குவதாக ஒருவன் கனவு கண்டான். அஞ்சிய மக்கள் அச்சிலையைப் பொற்சங்கிலியாற் பிணித்தனர். எனினும் ஏழு திங்களில் நகர் வீழ்ந்தது. உரோமர் சாட்டர்ன் என்னும் தெய்வத்தின் சிலைக் கால்களைக் கம்பளிக் கயிற்றாற் கட்டி வைத்து, திசம்பர்த் திருவிழாவில் மட்டும் அவிழ்த்துவிட்டனர்.

நம் நாட்டிலோ பூரிக் கடற்கரையில் பேடி அனுமான் உள்ளார். மராத்தியிலும் பேடி என்றால் விலங்கே என்பதை இங்கு வாழும் நாம் அறிவோம். கடலைத் தடுத்து ஊரைக் காக்குமாறு பணிக்கப்பெற்ற அவர் அயோத்திக்குப் போய்விட, கடல் உட்புகுந்ததாம். அதனால் செகந்நாதர் அவருக்கு விலங்கிட்டார் என்பது அவ்வூர்க் கதை. திருமலையில் ஏழுமலையான் கோயிலுக்கு எதிரே பேடி ஆஞ்சநேயர் நிற்கின்றார். ஓடித் திரிந்த பிள்ளையை அன்னை அஞ்சனை கட்டி வைத்தாள் என்பர். யசோதை கண்ணனை உரலோடு கட்டியதும் இத்தகையதே. தாமோதரன் என்னும் பெயருக்கே வயிற்றிற் கயிறுடையவன் என்பது பொருள். மதுரகவியாழ்வார் தம் பதினொரு பாசுரங்களை அத்தாம்பைக் கூறியே தொடங்கினார்.

இவற்றால் ஒன்று புலனாகின்றது. நம்மைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சமும், உடனிருக்க வேண்டும் என்ற அன்புமே தெய்வத்திற்குத் தளையிட்டன. ஆனால் கண்ணன் உரலை இழுத்துச் சென்று மருத மரங்களைச் சாய்த்தான். யானையால் அது இயலுமா?

1922-இல் நிலம்பூர் அரச குடும்பத்தார் குருவாயூரப்பனுக்கு அளித்த கேசவன் என்னும் யானை 1976 வரை தொண்டு செய்து மறைந்தது. அதற்குச் சிலையும் எடுத்தனர். தமிழக அரசு 2003-இல் கோயில் யானைகளுக்கு முதுமலையில் நலவாழ்வு முகாம் தொடங்கிற்று. சிலை எடுப்பதினும், உயிரோடிருக்கும்போது ஓய்வளித்தலே சிறந்த வழிபாடென்போம்.

மகளே! அச்சத்தாற் கட்டினோம். அன்பு உண்மையாயின் சங்கிலியைத் தளர்த்தவும் கற்போம்.