ஆட்குறைப்பு

ஒழுங்கு நடவடிக்கையால் விதிக்கப்படும் தண்டனையாக அல்லாமல், வேறு எந்தக் காரணத்துக்காகவும் தொழிலாளர் ஒருவரின் வேலையை நிர்வாகம் முடித்துவைப்பது இந்தியச் சட்டத்தில் ஆட்குறைப்பு எனப்படுகிறது. தானாக விரும்பிப் பெறும் ஓய்வு, வயது முதிர்வால் வரும் ஓய்வு, காலம் குறித்த ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கப்படாதது, தீராத உடல்நலக் குறைவு ஆகியவை இதில் சேரா. மின்சாரமோ மூலப்பொருளோ இல்லாமல், அல்லது இயந்திரம் பழுதாகி, வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குச் சில நாள் வேலை கொடுக்க முடியாமல் போவது லே-ஆஃப். அப்போது வேலை உறவு அறுவதில்லை; 50 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள தொழிற்சாலையில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி கிடைக்கும். மென்பொருள் நிறுவனங்களில் லே-ஆஃப் என்று பேசப்படுவது பெரும்பாலும் சட்டப்படி ஆட்குறைப்பே.

இதற்கான விதிகள் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்டன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 அந்த விதிகளைச் சில மாற்றங்களோடு தன்னுள் எடுத்துக்கொண்டது. ஆகவே அரை நூற்றாண்டுக்கும் மேலாக உச்ச நீதிமன்றம் சொல்லிவந்த விளக்கங்களின் பயன் இன்னும் குறையவில்லை.

ஆள் அதிகமா இல்லையா, எத்தனை பேரைக் குறைப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்று நீதிமன்றங்கள் ஏற்றுவந்துள்ளன. ஆர்டர் குறைந்தது, புதிய இயந்திரம் வந்தது, ஒரு பிரிவு மூடப்பட்டது போன்ற காரணம் உண்மையாக இருந்தால் போதும். சங்கத்தில் சேர்ந்தவரைக் கழற்றிவிடுவதற்குப் போட்ட திரையாக அது இருந்தால், அது நேர்மையற்ற தொழிலுறவு நடவடிக்கையாகிவிடும். நடைமுறையில் மேலாளர்கள் தோற்பது பெரும்பாலும் காரணத்தில் அல்ல. யாருடைய பெயர் பட்டியலில் வந்தது, எந்த வரிசையில் காரியம் நடந்தது என்ற இரண்டில்தான்.

பெயர்த் தேர்வுக்குச் சட்டம் தரும் அளவுகோல் எளிது: ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும். இதை மீறலாம், ஆனால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். சென்னையிலிருந்து வெளிவந்த ‘சுதேசமித்திரன்’ நாளிதழின் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் இடையிலான வழக்கில், 1960இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மூத்தவரை அனுப்பி இளையவரை வைத்துக்கொள்ள வேண்டுமானால், மூத்தவர் திறமை குறைந்தவர், நம்ப முடியாதவர் அல்லது அடிக்கடி ஒழுங்கு தவறுபவர் என்பதற்கு நம்பகமான சான்று வேண்டும். அது பழைய பணிப்பதிவுகளில் இருப்பது நல்லது என்றது தீர்ப்பு. இதன் விளைவு மேலாளரின் அன்றாட வேலையையே தொடுகிறது. ஐந்து ஆண்டுகளாக ‘நன்று’ என்று மதிப்பீடு எழுதி, ஊக்கத்தொகையும் கொடுத்துவிட்டு, ஆட்குறைப்புக்கு முந்தைய வாரத்தில் ‘திறமை போதாது’ என்று எழுதும் குறிப்பு விசாரணையில் நிற்காது.

முறையான தேர்வு பெயரிலிருந்து தொடங்காமல் பணியிடத்திலிருந்து தொடங்கும். எந்த வேலைகள் தேவையில்லாமல் போகின்றன, அந்த வேலைவகையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, சேர்ந்த தேதிப்படி மூப்புப் பட்டியல் தயாரிக்க வேண்டும். பழைய மத்திய விதிகளின்படி இந்தப் பட்டியலை ஆட்குறைப்புக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியாக வேண்டும். சேர்ந்த தேதி தவறாக இருந்தால் தொழிலாளர் அப்போதே சுட்டிக்காட்டிவிடுவார் என்பதால், அந்த ஒரு தாள் பல வழக்குகளை முளையிலேயே தீர்த்துவிடக்கூடியது. மகப்பேறு விடுப்பில் உள்ளவரை அந்த விடுப்புக் காலத்தில் நீக்குவது சட்டவிரோதம். தகராறு ஒன்று விசாரணையில் இருக்கும்போது, அதோடு தொடர்புடையவர்களின் பணி நிலையை மாற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. மதம், சாதி, பால், மாற்றுத்திறன் ஆகியவை அளவுகோலாக வரக்கூடாது என்பதோடு, அளவுகோல் நடுநிலையாகத் தோன்றினாலும் இறுதிப் பட்டியலில் ஒரே பிரிவினர் குவிந்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் மேலாளரின் பொறுப்பே.

அடுத்தது நடைமுறை. 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்தவர் ஓராண்டு தொடர்பணி முடித்தவராகிறார். சுரங்கத்துக்குள் வேலை என்றால் 190 நாள். அப்படிப்பட்டவருக்குக் காரணம் குறிப்பிட்டு ஒரு மாத எழுத்து அறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு, அரசுக்குத் தகவல் ஆகிய மூன்றும் தேவை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்கிடப்படும். நாளுக்கு 800 ரூபாய் பெறும் ஒருவர் 7 ஆண்டு 8 மாதம் வேலை செய்திருந்தால், எட்டு ஆண்டுக்கு 120 நாள், அதாவது 96,000 ரூபாய். புதிய சட்டத் தொகுப்பு மறுதிறன் நிதி என்ற ஒன்றையும் சேர்த்துள்ளது. அதற்கு நிர்வாகம் 15 நாள் சம்பளம் செலுத்த வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளரின் கணக்கில் சேர வேண்டும். மேற்சொன்ன தொழிலாளருக்கு இது 12,000 ரூபாய். பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். பணிக்கொடை இவற்றுக்கெல்லாம் தனி.

இழப்பீடு பின்னால் வந்து சேரும் என்ற உறுதிமொழி செல்லாது; வேலையிலிருந்து விடுவிக்கும்போதே அதைக் கொடுத்தாக வேண்டும். பம்பாய் அரசு மருத்துவமனையின் வார்டு ஊழியர்கள் இருவர் தொடர்பான வழக்கில், இழப்பீடு தராமல் செய்த ஆட்குறைப்பே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960இல் முடிவு செய்தது. செல்லாத ஆட்குறைப்பு, பணித்தொடர்ச்சியோடும் பின்சம்பளத்தோடும் மீண்டும் வேலை என்ற உத்தரவில் முடியலாம். தினக்கூலிகள் விஷயத்தில் பிற்காலத் தீர்ப்புகள் அதற்குப் பதிலாக ஒரு தொகையைக் கொடுக்கச் சொல்வதும் உண்டு.

பெரிய ஆலைகளுக்கு விதி இன்னும் கடுமை. 1976 திருத்தப்படி 300 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவை அரசின் முன்அனுமதி பெற வேண்டும் என்றானது. பின்னர் அந்த எண்ணிக்கை 100ஆகக் குறைக்கப்பட்டு, புதிய தொகுப்பில் மறுபடியும் 300ஆக்கப்பட்டுள்ளது. மூன்று மாத அறிவிப்பும் வேண்டும். மனு கொடுத்த 60 நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம். இந்த முன்அனுமதி விதி அரசியல் சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி மதுரை மீனாட்சி மில் வழக்கில் எழுந்தது. 1992இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு விதி செல்லும் என்றது.

இந்தப் பாதுகாப்பு ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவருக்கே. மேலாண்மை, நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளர்களும் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு நியமனக் கடிதமே ஆதாரம். ஆனால் பதவிப்பெயரை வைத்து இது முடிவாவதில்லை. விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று அச்சிட்டிருந்தாலும், நாள் முழுவதும் நிரல் எழுதிக்கொண்டிருப்பவர் தொழிலாளராகவே கருதப்படக்கூடும். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்பதைத் தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. அறைக்குள் அழைத்து, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாக வரும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இத்துறையில் பரவலாகப் பேசப்படுவது. வற்புறுத்தல் நிரூபணமானால் அது ராஜினாமா ஆகாது. அறிவிப்பும் இழப்பீடும் இல்லாத ஆட்குறைப்பாகவே பார்க்கப்படும்.

ஆட்குறைப்பு நடந்த ஓராண்டுக்குள் மீண்டும் ஆள் எடுத்தால், வெளியேற்றப்பட்டவர்களுக்குத் தகவல் தந்து, வர விரும்புகிறவர்களுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும். அதனால் அவர்களின் முகவரியையும் மூப்புப் பட்டியலையும் மனிதவளப் பிரிவு பாதுகாத்துவைப்பது அவசியம். பாதிக்கப்பட்டவர் முதலில் சமரச அலுவலரிடம் போகிறார். 45 நாளில் தீர்வு வராவிட்டால் தீர்ப்பாயத்தை நேரடியாக அணுகலாம். பழைய சட்டத்தில் இதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பில் அது இரண்டு ஆண்டு.